ஓடைக்குக் காய்ச்சல் பார்க்கும் மாதம்

ஏப்ரல் 28. காலை 6.10. தண்ணீர் 14 டிகிரி, காற்று 10. மேகம் இல்லை. மட்டம், பாலத்துக் கல்லில் மூன்றாவது வரிக்கும் கீழே.

என் நோட்டுப் புத்தகத்தில் கோடைப் பக்கங்கள் எல்லாமே இப்படித்தான் ஆரம்பிக்கும். சில பக்கங்கள் இதோடு முடிந்தும் போகும். மீன் கிடைத்ததா, எத்தனை, எவ்வளவு நீளம் என்பதெல்லாம் கடைசியில் ஒரு வரி, அதுவும் இருந்தால். ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்த என் மனைவி, "மீன் பிடிக்கப் போறீங்களா, இல்ல ஆத்துக்கு நர்ஸ் வேலை பார்க்கப் போறீங்களா?" என்று கேட்டாள். கேலிக்குத்தான் கேட்டாள். ஆனால் ஏப்ரலிலும் மேயிலும் நான் பார்ப்பது அந்த வேலையைத்தான்.

ஊட்டியில் பள்ளிக்கூட ஆசிரியர் நான். இயற்பியல். சேர்ந்தாற்போல நாலு வாரம் லீவு கிடைப்பது கோடையில் மட்டும். டிரவுட் என்ற குளிர்நீர் மீன் இருக்கும் இந்த மலை ஓடைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போவதும் சரியாக அதே நாலு வாரத்தில். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் வெயில் நாட்களிலும் ஓடைகள் நிரம்பித் தெளிந்து அழகாக ஓடிக்கொண்டிருக்கும்போது நான் பத்தாம் வகுப்பில் ஓம் விதி நடத்திக்கொண்டிருப்பேன். லீவு விட்டு, கையில் தூண்டிலோடு போய் நிற்கும்போது ஓடை எலும்பும் தோலுமாகக் கிடக்கும். கூடவே சீசன் கூட்டம். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது என்றாலும் மலர்க் கண்காட்சி வாரத்தில் சேரிங் கிராஸைத் தாண்டுவதற்குள் பொழுது நன்றாக விடிந்துவிடும். அதனால் அஞ்சு மணிக்கே வண்டியை எடுத்துவிடுவேன். பாலாடா, இத்தலார், எமரால்டு. அதற்கு மேல் எந்த ஓடை என்று சொல்ல மாட்டேன், தூண்டில்காரனிடம் அதைக் கேட்கவும் கூடாது.

நான் போடுவது ஃப்ளை ஃபிஷிங். அது என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: சாதாரணத் தூண்டிலில் புழு, தக்கை, ஈயக்குண்டு இருக்கும். ஈயத்தின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும். இதில் முள்ளில் இருப்பது சேவலின் கழுத்திறகும் முயல் முடியும் நூலும் சுற்றிச் செய்த ஒரு பொய்ப்பூச்சி. ஊதினால் பறந்துவிடும். எனவே எடையைக் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு, அதன் நுனியில் போகப்போக மெலியும் நரம்பு, அதன் நுனியில் பூச்சி. கயிற்றைத் தலைக்குப் பின்னால் பறக்கவிட்டு, அது முழுதும் நீண்ட நொடியில் முன்னால் வீசினால் பூச்சி பஞ்சு மாதிரி தண்ணீரில் இறங்கும். இறங்க வேண்டும். முதல் வருடம் முழுக்க எனக்கு அது சீகை மரத்தில்தான் இறங்கியது.

டிரவுட் இந்த மண்ணின் மீன் இல்லை. 1860களில் பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்கார மீன் ஆய்வாளர் இங்கே கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். பிறகு எச்.சி. வில்சன் முயன்று 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அங்கே பொரித்து இந்த ஓடைகளில் விட்ட வானவில் டிரவுட்டின் வம்சத்தில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்த முட்டைகளும் உண்டு. எங்கள் தாத்தா, பாட்டியும் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி, தாயகம் திரும்பியவர் என்ற கார்டோடு இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர்கள்தான். இதைச் சொன்னபோது பாட்டி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அதுக்கும் கார்டு குடுத்தாங்களாமா?" என்று கேட்டாள்.

சரி, கோடைக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுபவர்களின் கோடை நம் கோடை இல்லை. ஆரம்பத்தில் இது உறைக்காமல் இரண்டு வருடத்தை வீணாக்கியிருக்கிறேன். அவர்களுக்குப் பனி உருகி ஆறு பெருகுவது மே, ஜூனில். அது வடிந்து, தண்ணீர் குறைந்து சூடாவது ஜூலை, ஆகஸ்டில். "ஆகஸ்டில் மெல்லிய நரம்பு கட்டு, வெட்டுக்கிளிப் பூச்சி போடு" என்று படித்துவிட்டு நான் ஆகஸ்டில் குந்தா பக்கம் போனேன். தென்மேற்குப் பருவமழை முழுவேகத்தில் அடிக்கிற சரிவு அது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டிய அவலாஞ்சி அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரே 1823இல் நடந்த ஒரு நிலச்சரிவால், ஆங்கிலத்தில் 'அவலான்ச்', வந்ததுதான். அங்கே போய் ஆகஸ்டில் வெட்டுக்கிளியைத் தேடினால் கிடைப்பது அட்டைதான். சாக்ஸுக்குள் ஏழு.

நமக்கு ஆண்டின் கடைசி மழை வடகிழக்குப் பருவத்தில் பெய்யும். அதுவும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம்தான் கூடுதல், மேற்குச் சரிவில் குறைவு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. அப்போது தண்ணீர் பல் கூசும் குளிரில் இருக்கும், மீனும் சோம்பிப்போய்க் கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஓடை ஓடுவதெல்லாம் சோலையும் புல்வெளியும் போன மழையில் குடித்து வைத்திருந்து கொஞ்சங்கொஞ்சமாக விடுகிற தண்ணீர். சோலை இருக்கிற மடிப்பில் ஏப்ரல் கடைசியிலும் விரல் தடிமனுக்காவது நீர் வரும். சீகையும் தைலமரமும் மட்டும் நிற்கிற மடிப்பில் மார்ச்சிலேயே கல் காய்ந்திருக்கும். இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்த்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆக, ஐரோப்பாக்காரனின் ஆகஸ்ட் நமக்கு ஏப்ரலில் வருகிறது. ஆனால் நமக்கு வெயில் தலைக்கு நேர் மேலே. அவர்களுடைய ஆகஸ்டில் மலைநிழல் விழுகிற கோணமெல்லாம் நமக்குக் கிடையாது.

எமரால்டு பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், கேரட் போடும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் நிலத்தை ஒட்டித்தான் நான் ஓடையில் இறங்குவேன். முதல் முறை நான் வெப்பமானியைத் தண்ணீரில் விட்டபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "இதுக்கு எதுக்கு வாத்தியாரே மிஷினு? கை விட்டாத் தெரியாதா?" பகல் ஒரு மணி. மண்வெட்டி பிடித்த கையோடு வந்தவர் குனிந்து கையை விட்டு, "ஐஸ் மாதிரி இருக்கு, மீன் ஜோராத்தான் இருக்கும்" என்றார். வெப்பமானி 19.5 காட்டியது. மறுநாள் விடிகாலையில் அதே இடத்தில் முகம் கழுவிவிட்டு, "இன்னிக்கு வெதுவெதுன்னு இருக்கு பாருங்க" என்றார். அப்போது 13.5.

கை வெப்பநிலையைச் சொல்வதில்லை, தன் சூட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறது. ஒரு கையை வெந்நீரிலும் இன்னொன்றைக் குளிர்நீரிலும் வைத்துவிட்டு இரண்டையும் சாதா நீரில் விடச் சொல்லி ஏழாம் வகுப்பில் நானே செய்துகாட்டுகிற சோதனைதான். அண்ணனிடம் சொன்னேன். "அப்ப இத்தன வருஷம் என் கை எனக்குப் பொய் சொல்லிச்சா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அன்றைக்குப் பிறகு என்னை ஓடையில் கண்டால் அவர் முதலில் கேட்பது, "எத்தன டிகிரி?"

எத்தனை டிகிரி என்பதில் என்ன இருக்கிறது? டிரவுட் குளிர்ந்த ரத்தப் பிராணி. தண்ணீர் சூடானால் அதன் உடம்பு வேகமாக வேலை செய்யும், மூச்சு அதிகம் வேண்டும். ஆனால் தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். தேவை ஏறும்போதே வரவு இறங்குகிறது. மாதக் கடைசியில் விருந்தாளி வந்த மாதிரி. கடல் மட்டத்தில் 15 டிகிரித் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைத்திருக்கும், 20 டிகிரியில் 9. நம் ஓடைகள் இருப்பது 2,000 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றழுத்தமே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அதனால் அதே 20 டிகிரியில் இங்கே 7 மில்லிகிராம்தான் தேறும். மலைமேல் குளுகுளுவென்று இருக்கிறது, மீனுக்கு என்ன கேடு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். டிரவுட் பிடிப்பவர்கள் பொதுவாக 20 டிகிரியில் தூண்டிலை மடக்கச் சொல்வார்கள். நான் 18இல் மடக்கிவிடுகிறேன். கோழைத்தனம் என்று ஒரு நண்பன் சொன்னான். இருக்கட்டும்.

அமெரிக்காவின் மான்டானாவில் இதற்கு விதியே இருக்கிறது. ஆற்று நீர் மூன்று நாள் தொடர்ந்து 73 ஃபாரன்ஹீட், அதாவது கிட்டத்தட்ட 23 டிகிரியைத் தொட்டால், பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். அதற்கு ஆந்தையின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆந்தை கத்துகிற விடிகாலையில் பிடித்துக்கொள் என்று அர்த்தம். நம் ஊரில் உரிமம் தருபவர்கள் எந்த நாள் என்று பார்க்கிறார்கள், தண்ணீரின் சூட்டை யாரும் பார்ப்பதில்லை. அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

நான் குறித்து வைத்த கோடை நாட்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரே படம்தான் வருகிறது. 6 மணிக்கு 13 அல்லது 14. 9 மணிக்கு 15. பத்தரைக்கு மேல் விறுவிறுவென்று ஏறும். 11 மணிக்கு 17, 2 மணிக்கு 19, மூன்றரை வாக்கில் உச்சம். பிறகு இறங்குவது ரொம்ப மெதுவாக. நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். சாயங்காலம் காற்று சில்லென்று வீசும், ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும், தண்ணீர் மேல் பூச்சி பறக்கும், மனசு "இப்ப போடு" என்று சொல்லும். தண்ணீரோ இன்னும் 18இல் நிற்கும். அதோடு ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் காட்டெருமையும் கரடியும் இறங்குகிற நேரம். சாயங்காலத்தை நான் விட்டுவிட்டேன். எனக்கு விடியலிலிருந்து பத்தரை வரை, அவ்வளவுதான்.

அந்த நாலு மணி நேரத்தில் எங்கே தேடுவது? கோடையில் மீன் ஓடை முழுக்கப் பரவி நிற்காது. கொஞ்சமாக இருக்கும் நல்ல இடங்களில் நெருக்கியடித்து நிற்கும், கல்யாண வீட்டுப் பந்தியில் ஃபேனுக்கு அடியில் ஆட்கள் உட்காருவது போல. கல் மேல் உருண்டு நுரைத்துத் தண்ணீர் குதிக்கிற இடத்துக்கு அடுத்த முழங்கால் ஆழம் ஒன்று, நுரை என்றால் காற்று கலக்கிறது என்று பொருள். சோலைக்குள்ளிருந்து ஓடை வெளியே வருகிற வாசல் இன்னொன்று. அங்கே இருபதடி மேலேயும் இருபதடி கீழேயும் அளந்தால் ஒரு டிகிரி வித்தியாசம்கூடப் பார்த்திருக்கிறேன். பிறகு, ஊற்று. கரையோரம் பாசி பச்சையாக, கொத்தாக, மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் அங்கே அடியிலிருந்து நீர் வருகிறது. அதன் கீழே ஒரு மீனாவது இருக்கும்.

அணைகளைப் பற்றியும் கேட்பார்கள். அணைக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் வருமே, அதன் கீழே ஆறு நன்றாக இருக்குமே என்று. வெளிநாட்டில் பல ஆறுகள் அப்படித்தான் பிழைக்கின்றன. இங்கே அணைத் தண்ணீர் குகைக் குழாய்க்குள் புகுந்து மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டுக் கீழே வேறு எங்கோ வெளியே வரும், கடைசியில் பில்லூர் போய்க் கோயம்புத்தூரின் குடத்தில் நிறையும். அணைக்கு நேர் கீழே ஆறு என்பது பெயருக்குத்தான். கோடையில் பார்க்க வேண்டியது அணையின் தலைமாடு, அதாவது ஓடை வந்து சேருகிற முகத்துவாரம். ஏரியின் மேல்மட்டத் தண்ணீர் சூடாகக் கிடக்கும். ஓடையின் குளிர்ந்த நீர் கனமானது, அது ஏரிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும். அந்தக் குளிர் நாக்கின் மேல் டிரவுட் வரிசையாக நிற்கும். என்ன, கோடையில் அணை மட்டம் இறங்கிவிடுவதால் அங்கே போக முழங்கால் புதையும் சேற்றைத் தாண்ட வேண்டும். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் கண்ணாடியாக இருப்பதுதான் இரண்டாவது சிக்கல். நமக்கு மீன் தெரிகிறது என்றால் மீனுக்கு நம்மைத் தெரிந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. மீன் எப்போதும் நீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும், அதன் கண்ணுக்கு நேர் பின்னால் மட்டும்தான் குருட்டுப் பக்கம். எனவே கீழிருந்து மேலே, குனிந்து, முட்டி போட்டு, சூரியனை முதுகில் வைக்காமல் வர வேண்டும். முதுகில் சூரியன் இருந்தால் நமக்கு முன்னால் நம் நிழல் போய் வணக்கம் சொல்லிவிடும். நான் சட்டை விஷயத்தில் பெரிதாக நம்பிக்கை வைப்பதில்லை. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடப்பவனைவிட, சிவப்புச் சட்டையில் தவழ்ந்து வருபவன் மீன் பிடிப்பான்.

நரம்பின் நுனியை மெல்லியதாகக் கட்டச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள். மற்ற மாதங்களில் 0.18 மில்லிமீட்டர் போட்டால் கோடையில் 0.15, இன்னும் தெளிந்தால் 0.13. மெல்லியது போட்டால் மீன் ஏமாறும் என்பது உண்மை. மெல்லியது போட்டால் மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவர முடியாது என்பதும் உண்மை. இழுத்தால் அறுந்துவிடும் என்று பயந்து பயந்து விட்டுப்பிடிப்போம். குளிர்ந்த நீரில் அது பரவாயில்லை. சூடான நீரில் அந்த ஒவ்வொரு நிமிடமும் மீனின் உயிரிலிருந்து கழிகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், மே மாதம், பகல் இரண்டு மணி. வெப்பமானி பையில் இருந்தது, எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்லும் என்று தெரிந்ததால்தான் எடுக்கவில்லை. புல்மேட்டில் காற்றடித்து வெட்டுக்கிளிகள் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன. கோடையின் கொடுமை இதுவும்தான், வெட்டுக்கிளி விழுகிற நேரமும் தண்ணீர் கொதிக்கிற நேரமும் ஒன்று. 12ஆம் நம்பர் முள்ளில் கட்டிய வெட்டுக்கிளியை, 0.13 நரம்பில், ஒரு பாறையை ஒட்டிப் போட்டேன். பாறைக்கு அடியிலிருந்து வந்தது என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளமான மீன். அந்த ஓடையில் நான் பார்த்ததிலேயே பெரியது. ஏழெட்டு நிமிடம் ஓடவிட்டு, கரைக்குக் கொண்டுவந்து, ஒரு கையில் தூக்கிப் பிடித்து இன்னொரு கையால் போட்டோ எடுத்து, கை நடுங்கியதால் இன்னொன்று எடுத்து, தண்ணீரில் விட்டேன். வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிடித்தேன், விட்டும் விட்டேன், எவ்வளவு நல்லவன் நான்.

அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது, கீழ்க் குட்டையில் இரண்டு கல்லுக்கு நடுவே அது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பிறகுதான் வெப்பமானியை எடுத்து விட்டேன். 20.5.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன், வேறென்ன செய்ய. அம்மா புளி ஊற்றிக் குழம்பு வைத்தாள். டிரவுட் புளிக்குத் தாங்காது, மிளகும் உப்பும் தடவி வறுத்தால்தான் ருசி. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "மத்திக்கு உறை போடக் காணாது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கோடைச் சூட்டில் பிடித்து விடுவது கருணை ஆகாது, சாவைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிடுவது. தின்னப் பிடிக்கிறாயா, உரிமம் அனுமதிக்கிற அளவுக்குப் பிடி, உடனே தலையில் தட்டிக் கொல், கொண்டுபோய்த் தின். விடுவதற்காகப் பிடிக்கிறாயா, காலை பத்தரைக்குள் முடி. கொக்கிமுனை இல்லாத முள், நனைந்த கை, மீன் தண்ணீரை விட்டு வெளியே வராமல் முள்ளைக் கழற்றுவது, போட்டோ வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் பகல் இரண்டு மணிக்கு நின்றுகொண்டு "நான் பிடித்து விடுகிற ஆள்" என்று சொல்லிக்கொள்ளாதே. நானும் அந்த ஆள்தான், அதனால் சொல்கிறேன்.

இதில் இன்னொரு கேள்வி இருக்கிறது, நானே என்னைக் கேட்டுக்கொள்வது. டிரவுட் வந்தேறி. இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் ஓடைப் பூச்சிகளையும் தின்று வளர்கிற மீன். முக்கூர்த்தி 1990இல் தேசியப் பூங்கா ஆன பிறகு அதன் உள்ளே தூண்டில் போடும் பேச்சே இல்லாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. பிறகு ஏன் அது செத்தால் கவலைப்பட வேண்டும்? எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: 20 டிகிரியில் திணறுவது டிரவுட் மட்டுமில்லை. கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டியிருக்கும் தட்டைப் பூச்சிக் குஞ்சுகளும், மணலைக் கோத்துச் சட்டை தைத்துக்கொள்ளும் புழுக்களும் குளிர்ந்த, காற்று நிறைந்த ஓட்டத்தை நம்பித்தான் இருக்கின்றன. அவை மூச்சு முட்டுவது நம் கண்ணுக்குத் தெரியாது. டிரவுட் பெரியது, வெள்ளை வயிற்றைக் காட்டும். காய்ச்சல் ஓடைக்கு.

காய்ச்சலுக்கு ஒரு காரணம் அண்ணனின் மோட்டார். இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது. மழையில்லாத மாதத்தில் கேரட்டுக்குத் தண்ணீர் ஓடையிலிருந்துதான் போகிறது. அவருடையதும் மேலே இன்னும் இரண்டு பேருடையதும் சேர்ந்து ஓடினால், கல்லில் தண்ணீர் உருளும் சத்தமே அடங்கிவிடும். மெல்லிய தண்ணீர் சீக்கிரம் சூடாகும், அகன்ற தட்டில் ஊற்றிய டீ சீக்கிரம் ஆறுவதன் மறுபக்கம். பகலில் போடாமல் ராத்திரியில் போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "கரடிக்கு யாரு பதில் சொல்றது வாத்தியாரே? உங்க மீனு ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் பொழச்சுக்கும், கேரட்டுக்கு ஒரு வாரம் தண்ணி இல்லன்னா எனக்கு இந்த வருஷம் போச்சு" என்றார். என்ன சொல்வது? எனக்கு அது விளையாட்டு, அவருக்கு அது வயிறு. ஆனாலும் மனிதர் யோசித்திருக்கிறார். அடுத்த வாரம் போனபோது விடிகாலை அஞ்சு மணிக்கே மோட்டாரைப் போட்டு எட்டுக்கு நிறுத்தியிருந்தார். பகலில் ஓடைக்குத் தண்ணீர் இருக்கட்டும் என்றுதான். நான் தூண்டில் போடும் நேரத்துக்குச் சரியாக ஓடை வற்றியிருந்தது. நன்றி சொல்லிவிட்டு, அவர் கொடுத்த கேரட்டைக் கடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தேன்.

கோடையில் ஒரே ஒரு வரம் உண்டு, மத்தியான இடிமழை. மே மாதத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் மூன்று மணி வாக்கில் கருத்துக்கொண்டு வந்து அரைமணி நேரம் ஊற்றும். முதல் மழை என்றால் கிட்டப் போகாதீர்கள். காய்ந்த தோட்டத்து மண்ணும், அதில் தெளித்த மருந்தும், ரோட்டு அழுக்கும் சேர்ந்து வழித்துக்கொண்டு இறங்கும், ஓடை சிவப்பாக ஓடும். இரண்டாவது மூன்றாவது மழைக்குப் பிறகு நிலைமை வேறு. தண்ணீர் இரண்டு டிகிரி இறங்கும், லேசாகக் கலங்கும், நுரைக்கும். கண்ணாடி உடைந்துவிட்டதால் மீனுக்கும் தைரியம். கரைப் புல்லிலிருந்து எறும்பும் வண்டும் கழுவிக்கொண்டு வரும். போன மே மாதம் ஒருநாள் மழை விட்டதும் அளந்தேன், 18லிருந்து 15.5. ஒரு கறுப்பு எறும்புப் பூச்சியை, 0.18 தடிமன் நரம்பில், எந்த நுணுக்கமும் இல்லாமல் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நாலு மீன், ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் கைக்கு வந்து திரும்பிப் போனது. ஐந்தாவதுக்கு வீசும்போது மேலே இடி இடித்தது. கையில் இருப்பது ஒன்பதடி கார்பன் கம்பி, அது மின்சாரம் கடத்தும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற ஆள் நான்தான். சுருட்டிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

இந்த வருடம் லீவில் பதினொரு நாள் போனேன். அதில் ஆறு நாள் தூண்டிலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மூன்று நாள் பத்தரை வரை. இரண்டு நாள் மழைக்குப் பின். மொத்தம் ஒன்பது மீன், ஒன்று வறுவலுக்கு. ஜூன் பிறந்ததும் மேற்கே மேகம் குவிந்தது, பள்ளிக்கூடமும் திறந்தார்கள். ஒரு சனிக்கிழமை வெறும் வெப்பமானியோடு போய்வந்தேன். நோட்டில் அன்றைக்கு இருப்பது இது:

ஜூன் 14. காலை 6.30. தண்ணீர் 13. நிறம், பால் குறைந்த டீ. பாலத்துக் கல் தெரியவில்லை. அண்ணன் மோட்டாரைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டார். அட்டை, இரண்டு.